சி.டி. ஸ்கேன் டெக்னாலஜிஸ்ட் வேலை வெறும் பட்டன் அமுக்கும் வேலையா? மகளைப் படிக்க வைக்கலாமா?

கேட்டவர் காரைக்குடிப் பக்கம். பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி படிக்க ஆசைப்படுகிறாள். சொந்தக்காரர் ஒருவர் "அது பட்டன் அமுக்குற வேலை, ரேடியேஷன் வேற, நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டாமா" என்று சொல்லிவிட்டாராம். வீட்டுப் பெரியவர்களும் இந்நேரம் அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். ரேடியேஷனுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பட்டன்.

கான்ட்ராஸ்ட் (உறுப்புகளும் ரத்தக்குழாய்களும் படத்தில் பளிச்சென்று தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து) போட்டு எடுக்கும் வயிற்று சி.டி.யில், பட்டனை அமுக்கியபின் எக்ஸ்ரே பாயும் நேரம் ஒவ்வொரு கட்டத்திலும் சில நொடிகள்தான். அந்த நொடிகள் உருப்படியாக அமைய, முன்னால் அரை மணி நேர வேலை இருக்கிறது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் கையில் இருக்க வேண்டும். அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டு அளவான இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் பேசாமல் ஊசியைத் தொடக்கூடாது. அப்படிப்பட்டவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். நம் பக்கம் எல்லோரும் "நண்டு, இறால் ஒத்துக்காது, கான்ட்ராஸ்ட் போடலாமா" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் தனித்த சம்பந்தம் கிடையாது. இதற்கு முன் கான்ட்ராஸ்ட் போட்டபோதே அரிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் ஊசிக்குழாய். வார்டிலிருந்து புறங்கையில் நீல நிற 22 கேஜ் (எண் கூடினால் குழாய் மெலிசு) போட்டு அனுப்புவார்கள். நொடிக்கு 4 மி.லி. வேகத்தில் மருந்து தள்ளும் ஆஞ்சியோவுக்கு (ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) அது ஆகாது. முழங்கை மடிப்பில் பச்சை 18, இல்லையென்றால் இளஞ்சிவப்பு 20 வேண்டும். 60 கிலோ எடைக்குக் கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் 90 மி.லி. மருந்து, 4 மி.லி. வேகத்தில் 22 நொடியில் உள்ளே போய்விடும். பின்னாலேயே 40 மி.லி. சலைன். மருந்துக்கு முன்பு, நோயாளியின் கையைத் தலைக்கு மேல் தூக்கிய நிலையிலேயே சலைனைத் தள்ளிப் பார்க்க வேண்டும். கை கீழே இருக்கும்போது ஓடும் நரம்பு, தூக்கினால் மடங்கி நிற்கும். மருந்தைத் தள்ளும் இன்ஜெக்டர் மெஷின் ஓடத் தொடங்கும் நொடிகளில் ஊசி முனைக்கு மேல் விரல் வைத்துப் பார்ப்பார்கள். தோலுக்கடியில் புடைத்தால் உடனே நிறுத்த வேண்டும். டியூபில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்பதை ஒருவர் பார்த்தால் போதாது, இருவர் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஸ்கேன் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குபீரென்று சூடாகும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், படுத்திருக்கிற ஆச்சி பதறி இடுப்பை அசைப்பார்கள். அசைவது மிகச் சரியாக, மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும் தமனிக் கட்டத்தில்! அந்தக் கட்டம் போனால் போனதுதான். மறுபடி எடுக்க இன்னொரு டோஸ் மருந்து, இன்னொரு டோஸ் கதிர்வீச்சு. "ஆச்சி, உடம்பு சுடும், ஒண்ணுக்குப் போற மாதிரி இருக்கும், ஆனா போகாது, பயப்படாம அப்படியே படுத்துக்கங்க" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். மூச்சுப் பிடிப்பதை வெளியிலேயே இரண்டு தடவை பழக்க வேண்டும். மெஷினில் பதிந்து வரும் குரல் அவர்களுக்குப் புரியாது. பல மெஷின்களில் நம் குரலையே பதிந்துகொள்ளலாம், அதைச் செய்யாத சென்டர்கள் ஏன் செய்யவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

நகையைக் கையாளவும் தனிப் பக்குவம் வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லி வம்பு பண்ணத் தேவையில்லை. வயிற்று ஸ்கேனுக்கு மேலே ஏற்றிக் கழுத்தோரம் வைத்தால் போதும். நெஞ்சுக்கு என்றால் தாடைக்கு மேலே கொண்டுபோய் வைக்கலாம். சிக்கல் தலை ஸ்கேனில்தான். கொண்டை ஊசி எளிது. நாற்பது வருஷமாகக் கழற்றாத வைரத்தோட்டின் திருகு இறுகிப்போயிருக்கும். அது காதில் இருந்தால் சிறுமூளை மட்டத்தில் வெள்ளைக் கோடுகள் வாரியடித்து, அங்கே ரத்தக் கசிவு இருந்தாலும் மறைந்துவிடும். துளி எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் திருக வேண்டும். கழலவே இல்லையென்றால் தலையின் சாய்வை மாற்றி அந்தக் கோடுகளை ஒதுக்க வேண்டும்.

படுக்க வைப்பதிலும் கணக்கு உண்டு. லேசர் கோட்டில் உடம்பு நடு மையத்துக்கு வராமல் மூன்று, நான்கு செ.மீ. மேலே கீழே இருந்தாலே படம் மணல்மணலாக வரும், டோஸும் கூடும். முந்தின நோயாளியின் கான்ட்ராஸ்ட் சொட்டு கேன்ட்ரி வளையத்தின் (நோயாளி உள்ளே போய்வரும் மெஷின் வளையம்) பிளாஸ்டிக்கில் காய்ந்திருந்தால் அடுத்தவர் மூளையில் இல்லாத வெண்மையைக் காட்டும். ஈரத்துணியால் துடைத்து, காலையில் எக்ஸ்ரே டியூபைச் சூடேற்றும் வார்ம்-அப்பும், ஆளில்லாமல் வெறும் காற்றில் மெஷினைச் சரிபார்க்கும் ஏர் கேலிபரேஷனும் ஓட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் படத்தில் வட்ட வட்டமாக வளையம் விழும்.

இது பட்டன் அமுக்குவதா என்று அந்தச் சொந்தக்காரரையே கேளுங்கள். உடனே "நீ என்ன டாக்டரா" என்று யாரும் பின்னூட்டத்தில் வர வேண்டாம். ரிப்போர்ட்டை, படம் பார்த்து நோய் கண்டறியும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட்தான் தர வேண்டும், டெக்னாலஜிஸ்ட் நோயாளியிடம் நோயின் பெயரை உச்சரிக்கவே கூடாது. ஆனால் நம்மூர் போன்ற இடங்களில் இரவு இரண்டு மணிக்கு ரேடியாலஜிஸ்ட் வேறு ஊரில் திரைக்கு முன்னால் இருப்பார். படத்தை முதலில் பார்க்கிற கண் டெக்னாலஜிஸ்டுடையது. மூளை ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் (அடர்த்தியைக் காட்டும் எண், கூடினால் படத்தில் வெள்ளையாகத் தெரியும்) 35, 40 காட்டும், புது ரத்தம் 50 முதல் 70. அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தால், வரிசையில் காக்க வைக்காமல் உடனே போனைப் போட வேண்டும். கசிவு இல்லையென்றாலும் அவசரம்தான்: ரத்தக் கசிவு இல்லாத பக்கவாதத்துக்கு அடைப்பைக் கரைக்கும் ஊசி போட 4.5 மணி நேரம்தான் அவகாசம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரைக்கு அனுப்புவதென்றால் சாலையிலேயே அதில் கணிசமான நேரம் போய்விடும். சென்னையில் பெரிய இடங்களில் நிலைமை வேறாக இருக்கலாம், நான் சொல்வது ஊர்ப்பக்கத்து சென்டர் நிலவரம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. இங்கே பெரிய பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். ஸ்கேனுக்கு வரும்போது கூட வருவது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அவருக்குப் பயம். மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் "எல்லாம் பண்ணுங்க" என்கிறார். பெரியவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முன்பு அலர்ஜி வந்ததா என்று கேட்டால் கூட வந்தவருக்குத் தெரியவில்லை. தயவுசெய்து அப்பா அம்மாவின் மாத்திரைப் பட்டியலையும் பழைய ஸ்கேன் ஃபிலிம்களையும் ஒரே பையில் போட்டு வாசல் பக்கம் மாட்டி வையுங்கள்.

இனி ரேடியேஷன். சி.டி. மெஷினில் கதிர் பாயாத நேரத்தில் அந்த அறையில் கதிர்வீச்சு எதுவும் தங்கியிருக்காது. பாயும் நேரத்தில் டெக்னாலஜிஸ்ட் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். தினமும் டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்யும் அட்டை) மார்பில் அணிய வேண்டும், ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கணக்கெடுக்கப் போகும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய வரம்பு: ஐந்து ஆண்டு சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. ஒழுங்காக வேலை பார்க்கிறவர் அந்த வரம்பின் பக்கத்திலேயே வருவதில்லை. கவனம் வேண்டியது வார்டில் எடுக்கும் மொபைல் எக்ஸ்ரேயில்தான். இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் டோஸ் கால்வாசியாகும். கல்யாணத்துக்குப் பிறகு கர்ப்பம் என்று தெரிந்ததும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும், அதன்பின் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது தனி வரம்பு. பேட்ஜ் தராத இடத்தில் மட்டும் மகளை வேலைக்கு விடாதீர்கள்.

படிப்பு பி.எஸ்சி. என்றால் மூன்று வருடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளமோவும் உண்டு. ஆறு மாத சர்டிஃபிகேட் என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்கள் பக்கம் போகவே வேண்டாம். கல்லூரியில் சேர்க்கும் முன் இரண்டு விஷயம் நேரில் கேளுங்கள்: சொந்த ஆஸ்பத்திரியில் சி.டி. மெஷின் ஓடுகிறதா, இன்டர்ன்ஷிப்பில் நைட் டியூட்டியும் வென்ஃப்ளான் போடும் பயிற்சியும் தருகிறார்களா. முடிந்தால் ஸ்கேன் அறைக்குள்ளே போய், சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தின் தேதியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.