மலைக்குப் போயும் குளியலறைப் பேச்சுதானா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 62. பணி ஓய்வு பெற்றவன். சேலத்தில் 1999-ல் கட்டிய வீடு. மாடியில் நானும் மனைவியும் (58), கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். எங்கள் குளியலறை ஒழுகி அவர்கள் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்ததால் ஆவணியில் வேலையைத் தொடங்கினோம். இருபது நாள் என்றார் கொத்தனார். ஐப்பசி பிறந்துவிட்டது.

தவறு எங்கே என்று எனக்குத் தெரியும். பழைய டைல்ஸைக் கொத்தி, பள்ளத்திலிருந்த செங்கல் ஜல்லியை அள்ளி, வாட்டர்ப்ரூஃப் இரண்டு கோட் அடித்தார்கள். தண்ணீர் தேக்கி ஒழுகுகிறதா என்று பார்க்காமலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பதினோராம் நாள் மறுபடி ஒழுகல். தரைத் தண்ணீர் வடியும் நகானி டிராப் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் வெறும் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். பிவிசி மேல் சிமென்ட் பிடிக்காது. காய்ந்து சுருங்கியதும் மயிரிழை விரிசல் விட்டுவிடும். மறுபடி உடைத்தோம். தூசி, செலவு, கீழ்வீட்டுக்காரர் முகம்.

இதற்கு நடுவில் மனைவி புதிது புதிதாகக் கேட்கிறாள். வெஸ்டர்ன் வேண்டும், வழவழ டைல்ஸ் வேண்டாம், வாசல் தடுப்பை எடுக்க வேண்டும், சுவரில் இரண்டு கைப்பிடி வேண்டும். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றேன். அதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. கைப்பிடியை இடப்பக்கம் வைக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் நேராகவே சொல்லியிருக்கிறாள். ஏன் இடம் என்று அவரிடம் கேட்டேன். "அம்மா ஆடியில ரெண்டு தடவ அங்கதாங்க விழுந்தாங்களாம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. அது இருக்கட்டும், கூலி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை உடைத்ததற்கும் கூலி கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறாள் அவள்!

போன வாரம் குழாயைச் சுற்றி வெட்டி, சுருங்காத கிரவுட் கலவை நிரப்பி, மூன்று கோட் அடித்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினோம். தண்ணீர் மட்டத்துக்குச் சுவரில் பென்சில் கோடு. 48 மணி நேரம் வேலை கிடையாது. தூசியை விட்டு ஒரு நாளாவது தப்பிக்கலாம் என்று வியாழக்கிழமை விடியலில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் கீழ்வீட்டுக்கு மூன்று போன். "கூரை நனையுதா? கோடு இறங்கிடுச்சா?" மேலே நல்ல மூடுபனி. பகோடா பாயின்ட்டில் இறங்க மாட்டேன் என்றாள். சேர்வராயன் கோயிலில் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றே கும்பிட்டாள். காபித் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வாய் காபி வேண்டாம், சாப்பாடு வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். மூன்று மணிக்கே குப்பனூர் வழியாக இறங்கிவிட்டோம். வீட்டில் கொல்லைக் கழிவறைக்கு அவள் போன வேகத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை அவசரமென்றால் எதற்கு வந்தாள்?

எட்டு மாதம் படுக்கையில் கிடந்த என் அம்மாவைத் தூக்கிக் கழுவியவள் அவள்தான். அம்மாவும் குளியலறையில் விழுந்தவர்தான். அது வேறு கதை. அப்படிப்பட்டவளா இப்படி மாறிவிட்டாள் என்றுதான் கேட்கிறேன். ஒரு நாள் நிம்மதி கேட்டது தப்பா?

— ஒரு வாசகர்

ஐயா,

தப்பில்லை. கூலிக் கணக்கை நீங்களும் கொத்தனாரும் பேசித் தீர்த்துக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை.

மயிரிழை எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி விழுந்ததற்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. "அது இருக்கட்டும்" என்று தாண்டிவிட்டீர்கள். ஆடியில் விழுந்தவர், இது ஐப்பசி. கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் மனைவியிடம் நீங்கள் கேட்டதாக ஒரு வரி இல்லை.

"அது வேறு கதை" என்கிறீர்களே, எனக்கு அது இதே கதையாகத்தான் படுகிறது. விழுந்தவரை எட்டு மாதம் தூக்கிய கைகள் அவருடையவை. ஒரு கைப்பிடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் நினைக்காமல் இருந்திருக்க மாட்டார். தன்னைத் தூக்க யார் வருவார் என்றும் யோசித்திருப்பார். உங்களிடம் விடை தேடாமல் சுவரில் தேடுகிறார். இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஆனால் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் கல்நெஞ்சர் என்று நினைக்கவில்லை. அம்மா விழுந்ததைப் பார்த்தவர் நீங்கள். அதே அறை, அதே விழுதல் மறுபடி வருகிறது என்றால் பயம் வராதா? பயமாக இருக்கிறது என்று சொல்ல நம் ஊர் ஆண்களுக்குப் பழக்கமில்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்று வாயில் வருகிறது. தூசியை விட்டுத்தான் ஏற்காட்டுக்குப் போனதாக எழுதுகிறீர்கள். தண்ணீர் கட்டிய அறையில் அன்று தூசியே இல்லை, ஐயா.

அந்த வியாழக்கிழமையை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு மாதமாக மாடிப்படி இறங்கிக் கொல்லைக் கழிவறைக்குப் போகிறவர். வெஸ்டர்ன் கேட்கிறவர், எனவே அங்கே குந்தி எழுவது அவருக்குச் சிரமம் என்று ஊகிக்கிறேன். மலையில் கழிவறை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். கதவைப் பிடித்து நின்றதும் ஊன்றிக்கொள்ளத்தான் இருக்கும். நீங்கள் கோபித்த அந்த அவசரத்துக்கு முன்னால் ஒன்பது மணி நேர அடக்கல் இருந்திருக்கிறது. இவ்வளவும் பொறுத்துக்கொண்டு எதற்கு வந்தார் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தார்.

மலையையும் ஐப்பசி, கார்த்திகைக் கூதிரையும் குறிஞ்சிக்குக் கொடுத்து, கூடலை அதன் உரிப்பொருளாக வைத்தார்கள் நம் முன்னோர். உங்களுக்கு அமைந்ததோ மூடுபனியில் மூன்று போன்!

கோடு இறங்கவில்லை என்றால் அடுத்து டைல்ஸ்தான். அதற்குள் அவரோடு உட்காருங்கள். ஏன் மறைத்தாய் என்று ஆரம்பிக்காதீர்கள். எப்போது விழுந்தார், எழும்போதா திரும்பும்போதா, விழுமுன் கண் இருட்டியதா, இப்போது எங்கே வலி என்று கேளுங்கள். பதிலைச் சரிபார்க்க வேண்டாம், கேட்டால் போதும். பிறகு மருத்துவரிடம் கூடப் போங்கள். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், சர்க்கரை, பாத உணர்வு, கண், எலும்பு அடர்த்தி எல்லாம் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தலைசுற்றலுக்குச் சில மாத்திரைகளே காரணமாக இருக்கலாம்.

குளியலறையில் அவர் கேட்ட நான்கும் நியாயம். கைப்பிடி சுமார் 32 மில்லிமீட்டர் தடிமனில், சுவருக்கும் அதற்கும் நடுவில் விரல்கள் நுழைந்து பிடிக்கும் இடைவெளியோடு இருக்கட்டும். செங்கல்லில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். டைல்ஸில் ஒட்டும் ரப்பர் கப் வகை ஆள் பாரம் தாங்காது. தரைக்குச் வழவழப்பில்லாத சிறிய மேட் டைல்ஸ் போட்டால் இணைப்புக் கோடுகள் அதிகம் வரும், காலுக்குப் பிடிப்பு. மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். தேங்கும் தண்ணீரில்தான் பாசி பிடித்து வழுக்கும்.

அவர் கேட்காத ஒன்றையும் செய்யுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே திறந்தால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்குங்கள். கதவு நிலை மாற்ற வேண்டியிருந்தால் டைல்ஸுக்கு முன்பே மாற்றுவதுதான் சுலபம். கொத்தனாரிடம் நாளைக் காலையே சொல்லிவிடுங்கள், உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.