ஃபிளாக்ஸுக்கு இடம் விடுங்கள், ஃபிளாக்குகளை இப்போதே நிரப்பாதீர்கள்

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் புதிதாக ஒரு சிஸ்டம் கால் (புரோகிராம்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) எழுதுகிறேன். இப்போதைக்கு ஆப்ஷன் எதுவும் தேவைப்படவில்லை. பின்னால் உதவுமே என்று நாலைந்து ஃபிளாக்குகளை முன்கூட்டியே வைத்துவிடலாமா?

பதில்: ஃபிளாக்ஸ் (ஒவ்வொரு பிட்டும் ஓர் ஆப்ஷனைக் குறிக்கும் எண்) என்று ஓர் ஆர்குமென்ட் கட்டாயம் வையுங்கள். ஆனால் அதில் ஒரு பிட்டுக்குக்கூட இப்போது பெயர் சூட்டாதீர்கள்.

இடம் விடாததன் விலை பைப், டூப்2 கால்களில் தெரிந்தது. குளோஸ்-ஆன்-எக்ஸெக் (வேறு புரோகிராமை எக்ஸெக் செய்யும்போது திறந்த ஃபைல் தானே மூடிக்கொள்ளும்) வசதியை நுழைக்க வழியில்லாமல் 2008-ல், 2.6.27 பதிப்பில், பைப்2, டூப்3 என்று புதிய கால்களே வந்தன. ஃபிளாக்ஸுக்கு இடமில்லாத ரீநேமேட் கதையும் அதேதான்.

இடம் விட்டதோடு வேலை முடியவில்லை. ஃபிளாக்ஸ் பூஜ்யமாக இல்லாவிட்டால் உடனே ஈஇன்வால் (தவறான ஆர்குமென்ட்) பிழையைத் திருப்புங்கள். ஃபைலைத் திறக்கும் பழைய ஓப்பன் கால் இதைச் செய்யவில்லை. தெரியாத பிட் வந்தால் பேசாமல் இருந்துவிடும். அதனால் 3.11-ல் ஓ_டிஎம்பிஃபைல் (பெயரில்லாத தற்காலிக ஃபைலை எழுதத் திறக்கும் ஃபிளாக்) சேர்த்தபோது ஓ_டைரக்டரி (பாதை டைரக்டரியாகத்தான் இருக்கவேண்டும்) பிட்டையும் அதோடு ஒட்டவேண்டி வந்தது. பழைய கெர்னலில் கொடுத்த பாதை டைரக்டரி இல்லையென்றால் ஈநாட்டிர் பிழை வரும். டைரக்டரியாக இருந்தால், அதை எழுதத் திறக்க முடியாது என்பதால் ஈஐஎஸ்டிர் வரும். எப்படியும் பிழைதான். கெட்டிக்கார வேலை, ஆனால் எல்லா ஃபிளாக்குக்கும் இப்படி ஒரு வழி கிடைக்காது. 5.6-ல் வந்த ஓப்பன்ஏட்2 தெரியாத பிட்டை நேராக மறுத்துவிடுகிறது.

உபயோகமில்லாத ஆப்ஷனை ஏன் வைக்கக் கூடாது? அதை ஓட்டிப் பார்க்க ஆளில்லை, அர்த்தமும் ஊகம்தான். யாராவது ஒரு புரோகிராமில் அதைப் போட்டுவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. பல ஃபைல்களைக் கண்காணிக்க உதவும் ஈபோல்_கிரியேட் காலின் சைஸ் ஆர்குமென்ட்டைப் பாருங்கள்: 2.6.8 முதல் கெர்னல் அதைப் பயன்படுத்துவதில்லை, ஆனாலும் பூஜ்யத்தைவிடப் பெரிய எண் கொடுத்தாக வேண்டும்.

ஃபிளாக்ஸின் டைப் அன்சைன்ட் இன்ட் ஆக இருக்கட்டும். 64 பிட் வைத்தால் 32 பிட் மெஷின்களில் இரண்டு ரெஜிஸ்டர் போய்விடும். மொத்த ஆர்குமென்ட்டே ஆறுதான். நிறைய ஆப்ஷன் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், குளோன்3 போல ஒரு ஸ்டிரக்டின் (பல ஃபீல்டுகளின் தொகுப்பு) பாயின்டரையும் அதன் சைஸையும் வாங்குங்கள். சின்ன ஸ்டிரக்ட் வந்தால் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்பவேண்டும். பெரியது வந்து அதன் வால் பூஜ்யமாக இல்லாவிட்டால் ஈ2பிக் பிழையைத் திருப்பவேண்டும். ஆகவே எந்தப் புது ஃபீல்டிலும் பூஜ்யத்துக்குப் பழைய நடத்தை என்றே பொருள் இருக்கவேண்டும். ஒரு குறை: பாயின்டருக்குப் பின்னால் இருப்பதை செக்காம்ப் ஃபில்டரால் (எந்த சிஸ்டம் காலை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் பாதுகாப்பு வடிகட்டி) பார்க்க முடியாது.

பேட்ச் அனுப்பும்போது, 32 பிட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு ஈஇன்வால் வருகிறதா என்று பார்க்கும் செல்ஃப்டெஸ்ட்டையும் (சோதனை புரோகிராம்) சேர்த்து அனுப்புங்கள்.