அப்பாவுக்கு அறுபது: ஜூன் ஞாயிறா, ஆவணி விசாகமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு இந்த வருஷம் அறுபதாம் கல்யாணம் செய்ய ஆசை. பாட்டியின் நோட்டில் 'பராபவ வருஷம், ஆவணி, விசாகம்' என்று இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் 1.6.1964. ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி, தந்தையர் தினமான ஜூன் 21 அன்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறான். சொந்தக்காரர் கூட்டிவந்த ஏஜென்ட் ஒருவர், திருக்கடையூரில் செய்தால்தான் பலன், சான்றிதழ்படி அறுபது தாண்டிவிட்டதால் பரிகார ஹோமமும் சேர்த்து 85,000 ஆகும் என்கிறார். என்ன செய்வது?"

முதல் வேலை, அந்த ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பாட்டி நோட்டுதான் கணக்கு. நம் வருஷப் பெயர்கள் அறுபதும் ஒரு சுற்று; 1966-ல் வந்த பராபவ 2026-ல் திரும்ப வந்திருக்கிறது. பிறந்த வருஷமும் மாசமும் நட்சத்திரமும் ஒன்றாகக் கூடும் நாளில் செய்வதுதான் அறுபதாம் கல்யாணம். சான்றிதழை நம்பினால் குரோதி வருஷம் வரும், அது 2024-ஓடு போச்சு, அதை வைத்துத்தான் 'தாண்டிவிட்டது, தோஷம்' என்று பயமுறுத்துகிறார்கள். அந்தக் காலத்தில் பையன் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு, வாத்தியார் எழுதியதுதான் பிறந்த தேதி. நம் மாவட்டத்தில் அந்த வயசுக்காரர்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள்! அதைத் திருத்தப் போனால் பிறப்புச் சான்று கேட்பார்கள், பிறப்புச் சான்றுக்குப் போனால் பதிவே இல்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு கொண்டு வா என்பார்கள், அங்கே போனால் பள்ளிச் சான்றிதழைக் காட்டு என்பார்கள். அந்தச் சுற்றில் நீங்கள் இறங்க வேண்டாம். ஹோமத்துக்கு ஆதார் கேட்கமாட்டார்கள்.

சரி, தம்பி சொல்லும் ஜூன் 21. தந்தையர் தினம் உலகம் முழுக்க ஒரே நாள் என்று அவர் நினைத்திருக்கலாம், இல்லை. அமெரிக்காவில் ஸ்போகேன் நகரத்து சொனோரா டாட், தாய் இறந்தபின் பிள்ளைகளை வளர்த்த தன் அப்பாவுக்காக 1910-ல் தொடங்கியது ஜூன் மூன்றாவது ஞாயிறு. அதைச் சட்டமாக்க அவர்களுக்கே 1972 வரை ஆகியிருக்கிறது. ஸ்பெயின், இத்தாலியில் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் பிறந்த டிசம்பர் 5. ஜெர்மனியில் இயேசு விண்ணேற்ற வியாழன், அன்றைக்கு ஆண்கள் கைவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். நேபாளத்தில் ஆவணியை ஒட்டி வரும் ஓர் அமாவாசை. அப்பா இருந்தால் இனிப்பும் துணியும், இல்லாதவர்கள் கோகர்ணேசுவரர் கோயிலுக்குப் போய் ஆற்றங்கரையில் திதி கொடுப்பார்கள், நம் மகாளய அமாவாசை மாதிரியே. ஆகவே கேக் வெட்டுவதை ஜூனிலும் வைக்கலாம், தம்பிக்கு லீவு கிடைக்கிற எந்த ஞாயிறிலும் வைக்கலாம். தாலி கட்டுவது மட்டும் ஆவணியில்.

உங்கள் தம்பிக்கு அங்கே இருப்பவர்களிடம் இதை விளக்கி லீவு கேட்பது சிரமமே இல்லை. பத்துப் பெயர்களும் பன்னிரண்டு மிருகங்களும் ஜோடி சேர்ந்து சுழலும் ஆண்டுக் கணக்கு அறுபதில் ஒரு சுற்று முடிப்பது சீனா, கொரியா, ஜப்பான் மூன்றுக்கும் பொது. ஜப்பானில் அறுபது முடிந்தவருக்குச் சிவப்புத் தொப்பியும் கையில்லாத சிவப்பு மேல்சட்டையும் போட்டு உட்கார வைப்பார்கள், மறுபடி குழந்தையாகிவிட்டார் என்று கணக்கு. கொரியாவில் பழமும் அரிசிப் பலகாரமும் கோபுரமாக அடுக்கி, பிள்ளைகள் விழுந்து கும்பிடுவார்கள். இன்னொன்று, அந்தச் சுற்றில் 1966 ஜப்பானில் 'நெருப்புக் குதிரை' என்ற ஆண்டு. அந்த வருஷத்துப் பெண் புருஷனுக்கு ஆகாது என்று பயந்து பிள்ளை பெறுவதையே தள்ளிப்போட்டார்கள், பிறப்பு கால்வாசி குறைந்தது. மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது என்று இங்கே எத்தனை ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள், அதே கதைதான். ஜோசியம் பார்க்கிற நானே சொல்கிறேன், இரண்டும் வீண் பயம்.

இப்போது கவனமாகப் படியுங்கள். இந்த ஆவணியில் விசாகம் இரண்டு தடவை வருகிறது. மாசம் தொடங்கிய கையோடு ஒன்று; மாசம் முடிகிற நேரத்தில், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி இன்னொன்று. நம் பக்கத்தில் பின்னால் வருவதைத்தான் எடுப்போம். பின்னதில் கிரகணமோ மாதப்பிறப்போ குறுக்கிட்டால்தான் முன்னதுக்குப் போவது வழக்கம். இந்த முறை அப்படி இல்லை, புரட்டாசி அதற்கப்புறம்தான் பிறக்கிறது. ஏஜென்டுகள் முதல் விசாகத்தைத் தலையில் கட்டுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு மண்டபம் காலியாக இருக்கிற நாள்தான் நல்ல நாள். தம்பியும் ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஓபோன் விடுமுறை இருப்பதால் அதையே கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். செப்டம்பரிலும் அவருக்கு வழி இருக்கிறது: மூன்றாவது திங்கள் அங்கே முதியோரை மதிக்கும் நாள், அதையொட்டி இந்த வருஷம் சேர்ந்தாற்போல விடுமுறை. முன்னால் ஒரு வாரம் லீவு போட்டு வந்தால் ஆச்சு. சொந்தங்களை அழைக்கும் முன் உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் நாழிகையைப் பார்த்துவிடுங்கள்.

இடம்? திருக்கடையூர் மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம், ஆசை இருந்தால் போங்கள். ஆனால் அங்கே செய்தால்தான் பலன் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சேலம், கும்பகோணம் எல்லாம் தாண்டி வயசான சொந்தங்களை வேனில் அடைத்துக்கொண்டு போவதற்கு, தர்மபுரி கோட்டைக் கோயிலிலோ, தீர்த்தமலையிலோ, ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயிலிலோ, உங்கள் வீட்டு வாசலிலோ பந்தல் போட்டுச் செய்தால் ஊரே வந்து ஆசீர்வாதம் வாங்கும். தம்பி அந்தச் சிவப்புத் தொப்பியைக் கொண்டுவந்தால் பந்தியில் அப்பாவுக்குப் போட்டுவிடுங்கள். கலசநீர் ஊற்றும்போது வேண்டாம், சாயம் இறங்கும்.

திருக்கடையூர்தான் என்று வீட்டில் முடிவானால், கோயில் கட்டணத்தைக் கோயில் கவுண்டரில் நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள். கலசம் எத்தனை, ஐயர் எத்தனை பேர், தட்சணை உள்ளேயா வெளியேயா, மாலை, போட்டோ, சாப்பாட்டு இலைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் பேரம் பேசாதீர்கள். பாக்கெட்டில் கை விட வைப்பது 'கோதானம் விட்டுப்போச்சே' என்று ஹோமம் நடக்கும்போது ஆரம்பிக்கிற அந்தப் பேச்சுதான். அப்பா மணவறையில் உட்கார்ந்திருக்க, யாரும் மறுக்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பரிகார ஹோமத்தை அந்தத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.