ஆங்கிலம் அறிவோம்: 'டில்', 'பை' எங்கே எது?

கேள்வி: விண்ணப்பங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்ற பொருளில், அலுவலகச் சுற்றறிக்கையில் 'டில் ஃப்ரைடே' என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டு 'பை ஃப்ரைடே' என்று திருத்தினார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: மேலாளரின் திருத்தம் சரியானதே. ஒரு செயல் குறிப்பிட்ட நேரம் வரை இடைவிடாமல் நீடித்தால் 'டில்' வரும். ஒருமுறை நடந்து முடிகிற செயலுக்குக் கெடு விதிக்கும்போது 'பை' வரும். நீங்கள் எழுதியபடி பார்த்தால், ஊழியர்கள் வெள்ளிக்கிழமை வரை விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்! தமிழில் 'வரை' பொருந்துகிற இடத்தில் 'டில்', 'க்குள்' பொருந்துகிற இடத்தில் 'பை' என்று கொண்டால் பெரும்பாலும் பிழை நேராது. ஆனால் 'இரண்டு மணி நேரத்துக்குள்' என்று கால அளவைச் சொல்லும்போது 'பை' உதவாது, 'வித்தின்' என்றே எழுத வேண்டும்.

எதிர்மறை வாக்கியத்தில்தான் நுட்பம் இருக்கிறது. 'ஹி டிட் நாட் கம் டில் டென்' என்றால், அவர் பத்து மணிக்கு வந்துவிட்டார் என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் பொருள்; 'ஹி ஹேட் நாட் கம் பை டென்' என்றாலோ, பத்து மணியாகியும் அவர் வந்திருக்கவில்லை என்பது மட்டுமே தெரியும், பிறகு வந்தாரா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது.

கேள்வி: 'டில்' என்பது 'அன்டில்' என்பதன் சுருக்கமா?

பதில்: இல்லை, 'டில்' தான் பழைய சொல். எழுதும்போது அதற்கு இரண்டு 'எல்', 'அன்டில்' என்பதற்கு ஒன்றுதான்.