ஒற்றைக்காலில் நின்றால் போதுமா? பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்

ஜனவரியில் காஷ்மீரில் உள்ள குல்மர்க் போய் பனிச்சறுக்கு கற்கப் போகிறேன். கண்ணை மூடி ஒற்றைக்காலில் 40 விநாடி நிற்கிறேன். என் பேலன்ஸ் போதுமா? (ஐடி ஊழியர், வேளச்சேரி)

40 விநாடி நல்ல நேரம்தான். ஆனால் நீங்கள் அளந்தது அசையாமல் நிற்கும் பேலன்ஸ். அடுத்த முறை நிற்கும்போது பாதத்தைக் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரல் தரையை அழுத்தும், கணுக்கால் இப்படியும் அப்படியும் ஆடும். உங்களைச் சாயாமல் காப்பது பெரும்பாலும் அந்த ஆட்டம்தான். பனிச்சறுக்குக்கு மாட்டும் ஸ்கீ பூட் கெட்டி பிளாஸ்டிக். கணுக்காலைச் சற்று முன்னால் மடக்கிய நிலையில் இறுக்கிப் பிடித்துவிடும். அப்புறம் அந்த வேலையெல்லாம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போய்விடும்.

புதிதாகச் சறுக்குகிறவர்கள் சரிவைப் பார்த்ததும் பயத்தில் பின்னால் சாய்வார்கள். இடுப்பு குதிகாலுக்குப் பின்னால் போனால் காலில் மாட்டிய சறுக்குப் பலகையின் முன்பகுதியில் எடை இருக்காது, திருப்ப வராது. முழங்காலின் முன் ஜவ்வு கிழிவதற்கு இப்படிப் பின்னால் சாய்ந்து விழுவது ஒரு முக்கியக் காரணம். நான் பயப்படுவது இதற்குத்தான்.

ஆகவே, தாவி இறங்கப் பழகுங்கள். பக்கவாட்டில் தாவி, ஒற்றைக்காலில் இறங்கி, 3 விநாடி அப்படியே நில்லுங்கள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரியக்கூடாது. முன்னாலிருந்து யாரையாவது மொபைலில் வீடியோ எடுக்கச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் 8 தாவல், 3 சுற்று, வாரம் 3 நாள். பழகிய பிறகு, இறங்கும் நேரத்தில் ஒருவரைப் பந்து எறியச் சொல்லிப் பிடியுங்கள். மொட்டை மாடி போதும். பெசன்ட் நகர் கடற்கரை பக்கத்தில் இருந்தால், முதலில் அலை நனைத்த கெட்டி மணலில் செய்யுங்கள், பொதபொத மணலுக்குப் பிறகு போகலாம்.

ஃபோர்ஸ் பிளேட் (மேலே நின்றால் பாதம் அழுத்தும் விசையை அளக்கும் கருவி) இல்லாமல் வீட்டிலேயே பேலன்ஸை அளக்க முடியுமா? (கல்லூரி மாணவி, தாம்பரம்)

முடியும். தரையில் டேப் ஒட்டி ஆங்கில ஒய் எழுத்தைப் போல மூன்று கோடு போடுங்கள். ஒன்று நேராக முன்னால், மற்ற இரண்டும் பின்னால் இருபக்கமும் சாய்வாக. பின் கோடுகளுக்கு நடுவே 90 டிகிரி, முன்கோட்டுக்கும் அவை ஒவ்வொன்றுக்கும் நடுவே 135 டிகிரி. வெறுங்காலில் நடுவில் நின்று, மற்றக் காலை ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறதோ நீட்டி, விரல் நுனியால் லேசாகத் தொட்டுத் திரும்புங்கள். நிற்கும் காலின் குதிகால் தூக்கக்கூடாது, நீட்டிய காலில் எடை போடக்கூடாது. நாலைந்து முறை பழகிக்கொண்டு, பிறகு மூன்று முறை அளந்து அதிகமானதை எழுதுங்கள்.

உயரமானவருக்கு இயல்பாகவே எட்டும் என்பதால் கால் நீளத்தால் வகுக்க வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை அளப்பது கால் நீளம். உங்களுக்கு அது 88 செ.மீ., மூன்று தூரங்கள் 60, 95, 90 என்றால், கூட்டுத்தொகை 245. அதை 264ஆல் (88 × 3) வகுத்தால் சுமார் 93 சதவீதம். இந்த எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தை. முன்கோட்டில் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், பின்தங்கிய காலுக்குத் தாவலில் கூடுதலாக ஒரு சுற்று கொடுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

போசு பந்து (ஒருபக்கம் தட்டையான அரைப்பந்து) வாங்கலாமா?

தேவையில்லை. அதில் பழகினால் பெரும்பாலும் அதன்மேல் நிற்பதில்தான் தேறுவீர்கள். கணுக்கால் சுளுக்கு ஆறி வருகிறவருக்கு உதவும்.

என் மகளுக்கு 12 வயது. ஸ்கேட்டிங் கிளாஸ் போனால் பனிச்சறுக்குக்கு உதவுமா? (ஒரு தாய், அண்ணா நகர்)

கட்டாயம் உதவும். சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் ஸ்கேட்டைத் தேர்ந்தெடுங்கள். திருப்பத்தில் வெளிக்காலில் எடையைப் போடும் பழக்கம் அதில் வந்துவிடும். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம்.

முழங்காலின் முன் ஜவ்வு ஆபரேஷன் ஆகி 7 மாதம். வலியே இல்லை. பிப்ரவரியில் போகலாமா?

வேண்டாம். வலி போவதும் ஜவ்வு தேறுவதும் ஒன்றல்ல. குறைந்தது 9 மாதம் ஆக வேண்டும். ஒற்றைக்கால் தாவல் தூரம், தொடை பலம் இரண்டிலும் ஆபரேஷன் ஆன கால் மற்றக் காலில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். அதன்பின் உங்கள் சர்ஜன் சரி என்று சொல்ல வேண்டும். டிக்கெட் போட்டாயிற்று என்றால் போய் வாருங்கள், கோண்டோலா என்கிற கேபிள் காரில் ஏறிப் பனியைப் பாருங்கள். பூட் மாட்டுவது அடுத்த சீசனில்.