பட்டம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பாயின்ட் எவ்வளவு?

வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் போன்றவற்றுக்குப் பாயின்ட் போட்டுத் திறனாளர்களைக் குடியேற்ற எடுக்கும் ஆஸ்திரேலியாவின் 189, 190, 491 விசாக்களைப் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி படிப்பையும் வேலையையும் எப்படிக் கணக்குக் காட்டுவது என்பதுதான். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 65 பாயின்ட் என்பது விண்ணப்பிக்கவே தேவையான குறைந்தபட்சம். ஐ.டி. போன்ற துறைகளில் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசிடமிருந்து அழைப்பு வர அதைவிட நிறையவே வேண்டும். அதனால்தான் ஐந்து பாயின்ட்டுக்கு இவ்வளவு தவிப்பு. அந்தத் தவிப்பில் இல்லாத பாயின்ட்டைப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

சி.எஸ்.இ. முடித்து 8 வருடமாக டெவலப்பராக இருக்கிறேன். அனுபவத்துக்கு 15 பாயின்ட் போடலாமா? (சோழிங்கநல்லூர்)

அநேகமாக முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பார்த்த வேலைக்கு 3 வருடம் முடிந்தால் 5 பாயின்ட், 5 முடிந்தால் 10, 8 முடிந்தால் 15. இதுவரை சரி. ஆனால் ஐ.டி. வேலைகளை மதிப்பிடும் ஏ.சி.எஸ். என்ற அமைப்பு முதல் சில வருடங்களைத் திறன் பெறுவதற்கான காலமாக எடுத்துக்கொண்டு, "இந்தத் தேதிக்குப் பிறகு செய்த வேலைதான் கணக்கு" என்று ஒரு தேதியை மதிப்பீட்டுக் கடிதத்தில் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் பட்டமும் அதற்கு நெருக்கமான வேலையும் என்றால் வழக்கமாக 2 வருடம் போகும். பட்டத்துக்கும் வேலைக்கும் நெருக்கம் இல்லை என்று அவர்கள் நினைத்தால் 4. உங்கள் 8 வருடம் 6 ஆகிறது, பாயின்ட் 10.

மெக்கானிக்கலோ சிவிலோ படித்துவிட்டு கேம்பஸில் ஐ.டி. கம்பெனிக்குள் போனவர்கள் ஓ.எம்.ஆர். முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் கற்ற ஐ.டி. அறிவைக் காட்டும் ஆர்.பி.எல். என்கிற தனி அறிக்கையும் எழுத வேண்டும், 6 வருடமும் போய்விடும். 8 வருடம் உழைத்தவருக்குக் கையில் மிஞ்சுவது 2 வருடம், அதற்குப் பாயின்ட்டே கிடையாது. கேட்கவே வயிறு எரிகிறது, புரிகிறது. ஆனால் கடிதம் வருவதற்கு முன்பே 15 என்று மனக்கணக்குப் போட்டு வேலையை விடுவது, வீட்டை விற்பது எல்லாம் வேண்டாம். விதிகளும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் ஏ.சி.எஸ். வழிகாட்டியை எடுத்து நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

பி.இ.யும் இருக்கிறது, மாலைநேர எம்.பி.ஏ.வும் இருக்கிறது. 15 + 15 = 30? (அம்பத்தூர்)

இல்லை, 15தான். படிப்பில் உயர்ந்த ஒன்றுக்கு மட்டுமே பாயின்ட். முனைவர் பட்டம் 20, இளநிலை அல்லது முதுநிலை 15. பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் இருந்தால், உங்கள் தொழிலுக்கான மதிப்பீட்டு அமைப்பு அதை ஏற்றுக்கொண்டால் 10.

பொறுப்புகளை எழுதிக் கடிதம் கேட்டால் ஹெச்.ஆர். ரிலீவிங் லெட்டர் மட்டும்தான் தருவோம் என்கிறார்கள். முதலில் பார்த்த கம்பெனியோ மூடியே போய்விட்டது. (மடிப்பாக்கம்)

இந்த வாரம் அதிகம் பேர் கேட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அனுபவக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: கம்பெனி லெட்டர்ஹெட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை பார்த்தீர்கள், கையெழுத்துப் போட்டவர் பெயர், பதவி, தொடர்பு விவரம். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம், சம்பளத்துடன் பார்த்த வேலைதான் சேரும். "அவர் நன்றாகப் பணியாற்றினார், வாழ்த்துகள்" என்று முடிகிற சான்றிதழை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஹெச்.ஆர். தராவிட்டால் உங்கள் மேலாளரோ உடன் வேலை பார்த்த மூத்தவரோ ஒரு அஃபிடவிட் கொடுக்கலாம். இங்கேதான் நம் ஊரில் பலர் கோட்டை விடுகிறார்கள். பாரிமுனைப் பக்கம் போய் முத்திரைத்தாளில் டைப் அடித்து, நோட்டரியின் வட்ட முத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும், ஆனால் கொடுத்தவர் நோட்டரியின் முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திட்டார் என்ற வரி இருக்காது. ஏ.சி.எஸ். அந்த வரியைத் தேடும். இடம், தேதியோடு அது இருக்கிறதா என்று நோட்டரி மேசையைவிட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள்.

அஃபிடவிட் மட்டும் தனியாகப் போனால் பலம் குறைவு. மூடிப்போன கம்பெனிக்கு உங்கள் பெரிய துணை பி.எஃப். பாஸ்புக்தான், மாதாமாதம் கம்பெனி பெயரில் பணம் ஏறியது அதில் தெரியும். அதோடு ஃபார்ம் 16, 26ஏ.எஸ்., சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய ஆஃபர் லெட்டர், இன்கிரிமென்ட் லெட்டர். இவற்றில் உள்ள தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கடிதத்தில் ஜூன், பி.எஃப்.பில் ஆகஸ்ட் என்று இருந்தால், முதல் இரண்டு மாதம் பயிற்சிக்காலம் என்பது போன்ற காரணத்தை நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அண்ணா பல்கலைக்கழக சிவில் பட்டம். துபாயில் 6 வருடம் சைட் என்ஜினியர், இப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அங்கே வருமான வரியே இல்லை, எதைக் காட்டுவது? (தாம்பரம்)

சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், தொழிலாளர் ஒப்பந்தம், ரெசிடென்ஸ் விசா ஆவணங்கள். அங்கே உள்ள கணக்கை மூடியிருந்தாலும் பழைய ஸ்டேட்மென்ட் கேட்டு எழுதிப் பாருங்கள், நாள் ஆக ஆக வாங்குவது கஷ்டமாகும்.

என்ஜினியர்களை மதிப்பிடும் அமைப்பான என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா உங்கள் பட்டத்தையும், உங்கள் பொறியியல் திறனைக் காட்ட நீங்கள் எழுதும் சி.டி.ஆர். அறிக்கையின் மூன்று அத்தியாயங்களையும் பார்க்கும். அனுபவத்தைத் தனிக் கட்டணம் கட்டி மதிப்பிடச் சொல்லலாம். கட்டாயம் இல்லை, ஆனாலும் கட்டிவிடுங்கள் என்பேன். ஐ.டி.க்காரர்களுக்குப் போல வருடம் கழிக்கும் வழக்கம் இங்கே இல்லை, 6 வருடமும் ஒப்புக்கொள்ளப்பட்டால் 10 பாயின்ட். ஒன்றை மறக்காதீர்கள்: அழைப்பு வரும் நாளுக்கு முந்தைய 10 வருடத்துக்குள் பார்த்த வேலைதான் கணக்கு. ஊரில் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் துபாய் வருடங்கள் அந்த வட்டத்தைவிட்டு வெளியே போவதற்கு நெருங்கிக்கொண்டிருக்கின்றன.

என் மனைவி படிப்பு, வேலைக்கும் பாயின்ட் உண்டா? (வேளச்சேரி)

உண்டு. அவர் 45 வயதுக்குள் இருந்து, அவருடைய தொழிலும் உங்களுடைய அதே பட்டியலில் இருந்து, அதற்குத் திறன் மதிப்பீடும், ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் ஒவ்வொரு பிரிவிலும் 6க்கு இணையான ஆங்கிலமும் இருந்தால் 10. ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. இரண்டும் இல்லை என்றால் பூஜ்யம். இன்னொன்று, தமிழ் தெரிந்தாலும் பலன் உண்டு: நாட்டி சி.சி.எல். என்ற வாய்மொழி மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழ் உண்டு, நீங்கள் அதில் தேறினால் 5 பாயின்ட்.

அடுத்த மாதம் 5 வருடம் முடிகிறது. அழைப்புக்காக இணையத்தில் பதியும் இ.ஓ.ஐ. என்ற விருப்பப் பதிவில் இப்போதே 5 வருடம் என்று போட்டால் என்ன? (பெரம்பூர்)

போடாதீர்கள். இப்போதைய வேலைக்கு முடிவுத் தேதியைக் காலியாக விட்டால், 5 வருடம் முடிந்ததும் இ.ஓ.ஐ. தானாகவே பாயின்ட்டை ஏற்றிக்கொள்ளும். அவசரப்பட்டு ஏற்றிப் போட்டு, இடையில் அழைப்பு வந்து, விண்ணப்பக் கட்டணமும் கட்டிய பிறகு அதிகாரி கணக்குப் பார்த்து 5 பாயின்ட் குறைகிறது என்றால் விசா மறுக்கப்படும், பணமும் திரும்ப வராது. ஒரு மாதத்துக்காக இந்த அபாயம் எதற்கு? வயதையும் சேர்த்துப் பாருங்கள். 33வது பிறந்தநாளில் வயதுப் பாயின்ட் 30லிருந்து 25 ஆகிவிடும், அனுபவத்தில் ஏறிய 5 அங்கே போய்விடலாம்.

கனடாவுக்கும் இதே கணக்குதானா? (அண்ணா நகர்)

இல்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் குடியேற்ற முறையின் தரவரிசையில் வெளிநாட்டு அனுபவம் 3 வருடத்தோடு நின்றுவிடும், 8 வருடம் இருந்தாலும் அதே பாயின்ட்தான். ஆனால் அங்கே இரண்டு பட்டங்களுக்குப் பலன் உண்டு: தனியாக விண்ணப்பிப்பவருக்கு இளநிலை ஒன்று 120, இரண்டு படிப்புகள் 128, முதுநிலை 135. படிப்பு மதிப்பீட்டு அறிக்கை 5 வருடம் செல்லும். வேலை ஆஃபருக்கு இருந்த கூடுதல் பாயின்ட்டை 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஏஜென்ட் "டெவலப்பர் என்று பொறுப்பை மாற்றி எழுதிவிடலாம், எல்லாரும் செய்வதுதான்" என்கிறார். (பல்லாவரம்)

தயவுசெய்து வேண்டாம். பொய்யான தகவலோ ஆவணமோ கண்டுபிடிக்கப்பட்டால் ஆஸ்திரேலியாவின் பி.ஐ.சி. 4020 விதிப்படி மறுப்பு, அதன்பின் 3 வருடத்துக்கு அந்த விதி பொருந்தும் விசா எதுவும் கிடைக்காது. கூடவே விண்ணப்பித்த மனைவி, பிள்ளைகளுக்கும் அதே நிலை. கனடாவில் இது 5 வருடம். கடிதத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு உங்கள் மேலாளரிடமே கேட்பார்கள், அவரையும் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். மாட்டினால் பெயர் கெடுவது உங்களுக்கு, ஏஜென்ட் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். டெஸ்டர் வேலைக்கே தனிக் குறியீடு இருக்கிறது, 261314, அதில் பாருங்கள். 189க்கு அது பட்டியலில் இல்லாவிட்டாலும் ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்று உங்களைப் பரிந்துரைத்தால் 190க்கு 5, 491க்கு 15 பாயின்ட் கூடுதலாக வரும். எந்த மாநிலம் இப்போது அந்தக் குறியீட்டை எடுக்கிறது என்று பார்த்துவிட்டு, ஆவணங்களோடு மறுபடி எழுதுங்கள்.