கடன் பாக்கியும் செக் கேஸும் இருந்தால் போலீஸ் வெரிஃபிகேஷனில் தள்ளிவிடுவார்களா?

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது, செக் கேஸ் ஒன்றும் நடக்கிறது, அமெரிக்காவில் கடன்பட்டவர்களுக்கு ரகசிய அரசு வேலைகளுக்கான பாதுகாப்பு அனுமதியே கிடையாதாம், இங்கேயும் அப்படியா என்று கேட்டிருக்கிறீர்கள். மத்திய அரசு வேலைக்குத் தேர்வாகி, வெரிஃபிகேஷன் படிவத்தை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான்.

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். 2015இல் அப்பாவுக்குக் கோவையில் இதய ஆபரேஷன். தோப்புக் குத்தகைப் பணம் போதாமல் ஒரு பிளேடுக்காரரிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், 60,000 ரூபாய் வாங்கினோம். பேங்க் கணக்கு எனக்குத்தான் இருந்தது, இரண்டு வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு முந்தின வருடம்தான் ஆபரேஷன் குபேரா என்று கேரளப் போலீஸ் வட்டிக்காரர்களைப் பிடித்தது. தெரிந்தும் போட்டேன். படித்தவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று எழுத வருகிறவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பணம் கட்டச் சொல்லி நிற்கவைத்த அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள்.

வட்டி தவறியதும் 1,80,000 என்று நிரப்பிப் போட்டார், செக் திரும்பியது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கேஸ். கடன் என்பது பண விவகாரம் மட்டும்தான் என்றிருந்தேன். செக் திரும்பினால் அது கிரிமினல் கேஸ், 2 வருடம் வரை சிறை உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மலையாளத்தில் சம்மன் வந்தபோது நான் ஹாஸ்டலில். அப்பா மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டோடு பெட்டியில் வைத்துவிட்டார். முதல் வாய்தா தவறி, வாரன்ட் வந்த பிறகே எனக்குத் தெரியும். தமிழர் சிறுபான்மையாக வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. கோர்ட் வேறு, ஆபீஸ் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆபீஸிலாவது கிடைக்கிறதா? அப்பா தமிழில் கொடுத்த பென்ஷன் மனுவுக்கு மலையாளத்தில்தான் பதில் வந்தது. இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சரி, படிவத்துக்கு வருகிறேன். 2017இல் நான் நிரப்பியதில் கடன் பற்றிக் கேள்வியே இல்லை. உங்கள் மேல் வழக்கு நிலுவையில் உள்ளதா என்று இருந்தது. தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்று மேலேயே எச்சரிக்கை. "இல்லைன்னு எழுது அம்மிணி, செக் கேஸையெல்லாம் யாரு பாக்கறாங்க" என்றார் பெரியப்பா. மூன்று நாள் யோசித்து "ஆம்" என்று எழுதினேன். கேஸ் நம்பர், கோர்ட் பெயர், புகார் நகல் எல்லாம் வைத்தேன். தைரியம் கொடுத்தது வக்கீல்தான். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினார்: சின்ன வழக்கை மறைக்காமல் சொன்னவரை அந்த வழக்கில் வரும் தீர்ப்புக்கு உட்பட்டு நியமிக்கலாம், மறைத்தவரின் நியமனத்தை ரத்து செய்யலாம். உண்மையைச் சொன்னால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை, முடிவு அவர்கள் கையில்தான். அம்மாவின் சங்கிலியை விற்றுக் கேஸை சமரசமாக முடித்தோம். ஏழு மாதம் கழித்து எனக்கு ஆர்டர் வந்தது.

அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதிக்கென்று 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகளில் 13 அளவுகோல்கள். கடன் ஒன்று, சொந்த நடத்தை இன்னொன்று. மருத்துவச் செலவு, வேலையிழப்பு என்று கைமீறிக் கடன்பட்டு, ஒழுங்காகக் கட்டப் பார்க்கிறவருக்கு அங்கேயும் வழி உண்டு. படிவத்தில் வேண்டுமென்றே மறைத்தால் அது நடத்தைக் கணக்கில் சேரும்.

உங்களுக்கு வந்திருப்பது வங்கி வேலையென்றால் கிரெடிட் கார்டு பாக்கியே பிரச்சினை. சிபில் அறிக்கை (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் அறிக்கை) மோசம் என்று ஸ்டேட் வங்கி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது. அறிவிப்பை முழுக்கப் படித்துப் பாருங்கள்.

கேஸ் நம்பர் கையில் இல்லையென்றால் ஈகோர்ட்ஸ் என்ற நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடலாம். படிவம் அனுப்புவதற்கு முன்னாலேயே பாருங்கள்.